கடைசியில் கிளம்புகிறவர்



பென்ஷனர் நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கம்ப்யூட்டருக்கு ஷட் டவுன் கொடுத்தால் உடனே அணையாமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அது என்னதான் செய்கிறது? பேசாமல் சுவிட்சை அணைத்துவிடலாமே?

கூடாது. ஏன் கூடாது என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். இது சூளை சமாச்சாரம்.

விருத்தாசலம் செராமிக் யூனிட் ஒன்றில் சூளைப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பொம்மை, ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர் எல்லாம் வெந்து வரும் இடம். சாயங்காலம் சங்கு ஊதினால் மண் அரைக்கிறவர், அச்சு வார்க்கிறவர், கிளேஸ் பூசுகிறவர் எல்லோரும் கிளம்புவார்கள். சூளைக்காரர் மட்டும் கிளம்ப மாட்டார். நெருப்பை நிறுத்திய பிறகும் அவருக்கு வேலை உண்டு. சூடு மெதுவாகத்தான் இறங்க வேண்டும். 573 டிகிரி செல்சியஸைத் தாண்டி இறங்கும்போது களிமண் கலவையில் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அந்த நேரத்தில் அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் சரக்கு விரிசல் விட்டுவிடும். அதனால் வாட்ச்மேனிடம் ஒரு சீட்டு இருக்கும். சங்குக்குப் பிறகும் உள்ளே இருக்க வேண்டியவர்களின் பெயர் அதில் எழுதியிருக்கும்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படிச் சூளைக்காரர்கள் உண்டு. நாம் திறக்கும் கடிதம், படம், பாட்டு எல்லாம் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. பல கம்ப்யூட்டர்களில் இயங்குதளத்தின் மையப் பகுதியே அந்த டிஸ்கை நேராகக் கையாளும். சில இடங்களில் அப்படி இல்லை. ஒரே தகவலை இரண்டு டிஸ்கில் எழுதும் ரெய்டு முறையில் சில வகைகள், நெட்வொர்க் வழியாக வேறு கம்ப்யூட்டரில் இருக்கும் டிஸ்க், இவற்றுக்கெல்லாம் பின்னணியில் தனியாக ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நம் கண்ணுக்கு அது தெரியாது. அது நின்றால் டிஸ்கே கைக்கு எட்டாது.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது, ஆரம்பிக்கும்போது. டிஸ்கைத் திறக்க அந்தப் புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராமோ டிஸ்குக்குள் இருக்கிறது. வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டு வெளியே பூட்டிய கதைதான். லினக்ஸ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தேவையான சில புரோகிராம்களை மட்டும் ஒரு சின்ன மூட்டையாகக் கட்டி, தொடங்கும்போதே நினைவகத்தில் இறக்கிவிடுகிறார்கள். அதற்கு இனிட்ராம்எஃப்எஸ் என்று பெயர். மூட்டையிலிருந்து சூளைக்காரர் முதலில் இறங்கி டிஸ்கைத் திறந்து கொடுப்பார். மற்றவர்கள் அதன் பிறகுதான் வருவார்கள்.

இரண்டாவது, நிறுத்தும்போது. ஓடிக்கொண்டிருக்கும் எல்லாப் புரோகிராம்களுக்கும் முதலில் "முடித்துக்கொள்" என்று சொல்லப்படும். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, போகாதவற்றை வலுக்கட்டாயமாக நிறுத்துவார்கள். டிஸ்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற புரோகிராமையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்து நிறுத்தினால், நுனிக்கொம்பில் உட்கார்ந்துகொண்டு அடிக்கொம்பை வெட்டியது போலத்தான்.

பழைய டெபியன் லினக்ஸில் இதற்கு நம் வாட்ச்மேன் சீட்டு மாதிரியே ஒரு ஏற்பாடு இருந்தது. "இவர்களைத் தொடாதே" என்று ஒரு பட்டியலில் குறித்து வைப்பார்கள். 2010-இல் வந்த சிஸ்டம்டி என்னும் முறையில் இன்னும் எளிமை. ஆரம்ப மூட்டையிலிருந்து வந்த சூளைக்காரர், தன் பெயரின் முதல் எழுத்தாக மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருகிற அந்தச் சுழித்த @ குறியை வைத்துக்கொள்வார். குறியைப் பார்த்தால் அவரை விட்டுவிட வேண்டும். எல்லோரும் போனபின் இயங்குதளம் மறுபடி அந்தச் சின்ன மூட்டைக்குள் திரும்பி, டிஸ்கை முறையாக மூடி, கடைசியாகத்தான் அவரை அனுப்பிவைக்கும்.

நமக்கு எதற்கு இது என்று நினைக்காதீர்கள். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. பேரப்பிள்ளைகள் படித்து முடித்த பின் அந்த லேப்டாப்கள் பல வீடுகளில் தாத்தாக்களிடம் வந்து சேர்ந்தன.

நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற வாத்தியார். அவரிடமும் அப்படி ஒன்று இருந்தது. மகள் கல்யாண வீடியோ கேசட்டில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும், யாரையோ பிடித்து அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்திருந்தார். லேப்டாப்பில் இடம் போதாமல், அந்த ஃபைலை வெளியில் செருகும் ஹார்ட் டிஸ்குக்கு கட் செய்து பேஸ்ட் செய்தார். விண்டோஸ் முறையில் அமைந்த அந்த டிஸ்கில் எழுத, லினக்ஸில் என்டிஎஃப்எஸ்-3ஜி என்று தனிப் புரோகிராம் ஓடும். திரையில் வேலை முடிந்துவிட்டது போலத்தான் தெரிந்தது. ஆனால் தகவலின் ஒரு பகுதி இன்னும் நினைவகத்தில் வரிசையில் நின்றது. ஷட் டவுன் கொடுத்தார், வட்டம் சுற்றியது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டார்.

கடலூரில் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தார். முகூர்த்தம் வரை மீண்டது. பந்தியில் அவர் சம்சாரம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று உபசரித்த பகுதி போய்விட்டது. அந்த அம்மா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. வாத்தியார் இதைச் சொல்லும்போது யாரையும் குறை சொல்லவில்லை. "ஒரு நிமிஷம் இருந்திருக்கலாம் சார்" என்றார், அவ்வளவுதான்.

அந்தக் குறியை எல்லாம் யோசித்து வைத்தவர்கள், இயங்குதளம் தன் ஆளையே அவசரத்தில் நிறுத்திவிடக் கூடாது என்றுதான் வைத்தார்கள். நம் விரலுக்கு எதிராக அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே மூன்று விஷயம். வட்டம் சுற்றினால் சுற்றட்டும். லினக்ஸில் ஒரு சேவை முடிவதற்குச் சாதாரணமாக 90 விநாடி வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நாமும் அதையாவது கொடுப்போம். வெளி டிஸ்கைப் பிடுங்குமுன், அதை வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்து, எடுக்கலாம் என்று திரை சொல்லும் வரை பொறுங்கள். மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு யுபிஎஸ் அவசியம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோதும், 2012-இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்தபோதும் நம் மாவட்டம் பட்டது ஞாபகம் இருக்கும். யுபிஎஸ் பீப் பீப் என்று கத்தினால், "இன்னும் பத்து நிமிஷம் வேலை பார்க்கலாம்" என்று அர்த்தம் இல்லை. ஒழுங்காக மூடிவைக்க அவ்வளவு நேரம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

முக்கியமான வீடியோ, படம் எதுவானாலும் கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள். புதிய இடத்தில் அது திறக்கிறதா என்று முழுக்கப் பார்த்த பிறகு பழையதை அழித்துக்கொள்ளலாம்.