ரயில் பாலத்தின் கீழே ஒரு விளக்கு

லவாலுக்குப் புதிதாகக் குடிவரும் எம்மவர் முதலில் குறைசொல்வது குளிரைத்தான். எனக்கோ இருள்தான் பெரிதாகப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணித்தியாலம் இருக்கும். இங்கு ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. மாலை 4.15 மணியளவில் சூரியன் மறைந்துவிடும்.

2007 சித்திரையில் மெற்றோ லவாலுக்கு வந்தது. கார்த்தியே, து லா கொன்கோர்ட், மொன்மொரன்சி என மூன்று நிலையங்கள். கார் இல்லாத குடும்பங்களுக்கு இது பேருதவி. ஆனால் நிலையத்திலிருந்து வீடுவரை நடந்துதானே வரவேண்டும்?

என் வழியில் ஒரு ரயில் பாலம் உண்டு. அதன் கீழால் தெரு பதிந்து செல்கிறது. சென்ற மாரியில் அங்கு ஒரு விளக்கு அணைந்துவிட்டது. தூணின் பின்னால் ஆள் நின்றாலும் கிட்டப் போகும்வரை தெரியாது. வேலை முடிந்து வரும் என் மனைவி அவ்வழியை விட்டு, பனியில் பதினைந்து நிமிடம் சுற்றி நடந்துவரத் தொடங்கினார்.

இத்தகைய இடங்களில் பகலிலும் வெளிச்சம் வேண்டும். வெண்பனியின் பிரகாசத்திலிருந்து திடீரென நிழலுக்குள் நுழையும் சாரதியின் கண்ணுக்கு நடப்பவர் உடனே புலப்படமாட்டார். இரவில் ஒரேயொரு பெரிய விளக்கும் போதாது. அது தூணின் மறுபுறத்தை மேலும் இருளாக்கும். சிறிய விளக்குகள் பல, சமதூரத்தில், நடைபாதையை நோக்கி இருப்பதே நல்லது.

2014 சித்திரையில் மொன்றியல் சென் டெனி வீதியில், ரயில் பாதையின் கீழ் சைக்கிளில் சென்ற இளம்பெண் ஒருவர் பாரவண்டி மோதி இறந்தார். அதன்பின்னரே இத்தகைய இடங்கள் பலவற்றில் சைக்கிளோட்டிகள் நடைபாதையைப் பாவிக்க நகரசபை அனுமதித்தது. ஓர் உயிர் போனபின் வந்த மாற்றம் அது. நாம் அதற்கு முன்பே கேட்கலாமே?

"வந்த இடத்தில் எமக்கேன் வம்பு" என்று நானும் முதலில் பேசாமல்தான் இருந்தேன். தெருவிளக்கு கேட்பது வம்பல்ல; வாடகையோடு வரியும் கொடுத்து வாழ்பவரின் உரிமை. 311ஐ அழைத்து, அருகிலுள்ள சந்தியின் பெயரைச் சொன்னால் போதும். பிரெஞ்சில் இப்பாலத்தை 'வியாதுக்' என்பார்கள். மொழி தடுமாறினால் பள்ளிக்குப் போகும் பிள்ளை பேசட்டும்.

நான் இருதடவை அழைத்தேன். விளக்கு எரிந்தது. மனைவி இப்போது நேர்வழியாலேயே வீடு வருகிறார்.