நாலு மாசி வீதி... ஒரே இட்லி!

ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு ‘நல்லா இருக்கு’, ‘சுமார்’ என்று சொல்ல எல்லோராலும் முடியும். ஏன் நல்லா இருக்கிறது என்று நாலு வரி எழுதச் சொன்னால்தான் பேனா நின்றுவிடும். அந்த நாலு வரியை எழுதிப் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு, எனக்குத் தெரிந்து மதுரையைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

காரணம், ஊரின் அமைப்பு. மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, ஒன்றைச் சுற்றி ஒன்றாக வீதிகள். கோயிலுக்குள் ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றும் திசைக்கு ஒன்றாக நான்கு. ‘மதுரை முழுக்கச் சாப்பிட்டு எழுதப்போறேன்’ என்று கிளம்பினால் மூன்றாம் நாளே வயிறு மறியல் செய்யும். ஒரு சுற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்தது மாசி வீதிகளை. ரயில் நிலையத்திலிருந்து டவுன்ஹால் ரோட்டில் நடந்தால் மேலமாசி வீதி வந்துவிடும்.

அடுத்து, எதைச் சாப்பிடுவது? சிம்மக்கல் கோனார் கடை கறி தோசை, விளக்குத்தூண் ஜிகர்தண்டா, கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம்... இதையெல்லாம் ஊரே எழுதிவிட்டது. சாப்பிடுங்கள், தப்பே இல்லை. எழுதிப் பழக மட்டும் இட்லியிடம் வாருங்கள். கறி தோசையில் மசாலா காப்பாற்றிவிடும். இட்லியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. விலையும் கையைக் கடிக்காது.

தட்டு வந்ததும் விரலால் லேசாக அழுத்துங்கள். அமுங்கி எழும்பினால் மாவு சரியாகப் பொங்கியிருக்கிறது. ஓரம் காய்ந்திருந்தால் அது இப்போது இறக்கிய ஈடு இல்லை. திருப்பிப் பாருங்கள், துணி போட்டு ஊற்றிய இட்லி என்றால் அடியில் துணியின் வரி தெரியும். முதல் விள்ளலைச் சட்னி தொடாமல் வாயில் போடுங்கள். லேசான புளிப்பு வந்தால் போதும். அப்புறம் தேங்காய்ச் சட்னி. பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டு அரைத்திருந்தால் மாவு ருசி நாக்கிலேயே நிற்கும். சாம்பாருக்கு இன்னொரு கணக்கு உண்டு. ராத்திரி ஏழு மணிக்கு வாளியில் இருப்பதும் பத்தரைக்கு இருப்பதும் ஒரே சாம்பார் இல்லை!

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘செவ்வாய், இரவு 9.10. ரெண்டு இட்லி, நல்ல சூடு. மிளகாய்ச் சட்னியில் பூண்டு தூக்கல். சாம்பார் ஆறிவிட்டது.’ அருமை, சூப்பர், வேற லெவல் மூன்றுக்கும் அங்கே தடை. ஒரு மாதம் தடை போட்டுப் பாருங்கள், தானாக வேறு வார்த்தைகள் வரும்.

ஒரே வீதி என்ற யோசனை என்னுடையது இல்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜோனதன் கோல்டு என்று ஒருவர் இருந்தார். கல்லூரி முடித்த கையோடு, 1980களின் தொடக்கத்தில், பிகோ பொலிவார்டு என்ற நீளமான சாலையில் இருக்கும் கடை ஒவ்வொன்றிலும் சாப்பிட்டுப் பார்ப்பது என்று இறங்கியவர். பெரிய ஹோட்டல்களைவிட, வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள் நடத்தும் சின்னக் கடைகளைத் தேடித் தேடி எழுதினார். 2007-ல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. உணவக விமர்சகர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் முறை. ஒரு கடையைப் பற்றி எழுதும் முன் நாலைந்து முறையாவது போய்விடுவாராம்.

நாலைந்து முறை எதற்கு என்பது எனக்குத் தெற்குமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில்தான் விளங்கியது. ஒரு அக்கா தனியாக நடத்தும் இட்லிக் கடை. நான் நோட்டில் எழுதுவதைக் கவனித்தவர் தன் போனை நீட்டினார். “தம்பி, இதை எடுக்க முடியுமா?” யாரோ ஒற்றை ஸ்டார் போட்டு, ‘சட்னி கெட்டுப்போச்சு, யாரும் போகாதீங்க’ என்று எழுதியிருந்தார்கள்.

“அன்னைக்கு கெட்டுத்தான் போயிருந்துச்சு தம்பி, இல்லைங்கலை. கொட்டிட்டு வேற அரைச்சேன். ஆனா அது ரெண்டு வருஷமா அப்படியே நிக்குதே.”

எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் கொடுத்ததும் உழைத்த காசுதான். பிள்ளைகளோடு போய் கெட்ட சட்னி சாப்பிட்டால் யாருக்கும் கோபம் வரும், அதைச் சொல்லவும் வேண்டும். அந்த அக்காவுக்காக அதை மறைத்து எழுதுவதும் வாசகருக்குச் செய்யும் துரோகம்தான். ஆனால் ‘இந்தத் தேதி, ராத்திரி இத்தனை மணி, ஒரே ஒரு முறை போனேன், தேங்காய்ச் சட்னி கெட்டிருந்தது’ என்று எழுதியிருந்தால் படிப்பவர் தானே எடைபோட்டுக்கொள்வார். ‘யாரும் போகாதீங்க’ என்பது ருசி பற்றிய வரியே இல்லை. ஒரு அடுப்பை அணைக்கிற வரி.

அன்றிலிருந்து தேதி, நேரம், எத்தனையாவது முறை, இந்த மூன்றும் இல்லாமல் நான் எழுதுவதில்லை. காசு கொடுக்காமல் ஒரு காபிகூடக் குடிப்பதில்லை. “அட, இருக்கட்டும் தம்பி” என்று கல்லாவில் சொல்வார்கள். வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அந்த அக்கா கடைக்கு இதுவரை ஆறு முறை போயாயிற்று. ஐந்து முறை சட்னி நன்றாக இருந்தது. ஒரு முறை உப்பு குறைவு. இரண்டையும் எழுதினேன். உப்பு விஷயத்தில் அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மேலமாசியும் தெற்குமாசியும் முடிந்தன. கீழமாசியும் வடக்குமாசியும் பாக்கி. நடுவில் தள்ளுவண்டிப் பருத்திப்பால் வந்தால் மட்டும் நோட்டைப் பைக்குள் வைத்துவிடுவேன். கருப்பட்டியும் சுக்கும் போட்டு ஆவி பறக்கத் தருவார்கள். டம்ளர் சுடும், பிடிக்க ரெண்டு கையும் வேண்டும்.