பாறு புலம்பல்

பிணத்தை அஞ்சாது அணுகிய பறவையே, பாறே, உன் பிணத்தின்மேல் அழ ஒருவர் வந்ததுண்டோ? வேந்தர் வீழ்ந்த களங்களைப் பாடிய பண்டைப் புலவர் உன்னையும் எருவையையும் அக்களத்தில் வைத்தே பாடினர். மாண்ட மன்னர்க்கெல்லாம் கையறுநிலை பாடிய தமிழ், உனக்கும் ஒரு புலம்பல் கடன்பட்டுள்ளது.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதுதோறும் குருக்கள் சர்க்கரைப் பொங்கல் ஏந்திக் காத்திருப்பார். வெண்சிறகு விரித்த மஞ்சள்முகப் பாறு இரண்டு மலைமேல் வந்திறங்கி உண்டு செல்லும். காசியில் நீராடி வருபவை என்று நம்பிக் கைகூப்பியோர் எத்தனை தலைமுறையினர்! சென்ற நூற்றாண்டு முடியுமுன் அவ்வரவு நின்றது.

வடக்கே நேர்ந்ததோ பேரழிவு. பரத்பூரின் கேவலாதேவ் காட்டில் 1990களில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் கண்டு உலகுக்கு உரைத்தது அது. வெண்முதுகுப் பாறுகள் கிளையில் அமர்ந்தபடியே கழுத்துத் தொங்கித் துவண்டன; மரத்தடியில் வீழ்ந்தன. இவ்வாறு மடிந்தவற்றை அறுத்துப் பார்த்தபோது, ஈரலிலும் நெஞ்சப்பையிலும் சுண்ணம் தெளித்தாற்போல் யூரிக் அமிலம் வெண்மையாய்ப் படிந்திருந்தது. சிறுநீரகம் முன்னே செத்து, உயிர் பின்னே பிரிந்த உடல்கள் அவை. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே எஞ்சிற்று.

கொன்ற பொருளின் பெயர் டைக்குளோபினாக். மாட்டின் வலியும் வீக்கமும் தீர்ப்பது. லிண்ட்சே ஓக்ஸ் முதலியோர் பாகிஸ்தானில் ஆய்ந்து கொன்றது இதுவே என 2004இல் வெளியிட்டனர். மலிவாய்க் கடைதோறும் கிடைத்த அம்மருந்தை, நொண்டும் எருதை விரைவில் ஏரில் பூட்ட வேண்டிய உழவர் வாங்கினார். அவர்மேல் எனக்குச் சினமில்லை. எருது வீழ்ந்தால் அவர் வீட்டில் உலை ஏறாது. விற்பனைக்கு விடுத்தோர்மேலே என் நோதல். மாட்டுக்கு ஏற்றதா என்று பார்த்தவர், அம்மாடு இறந்தபின் அதனை உண்ணும் உனக்கு ஏற்றதா என்று பார்க்கவில்லை. கூலி கேளாது ஊர்ப்பிணம் அகற்றிய உன் உழைப்பு எவர் ஏட்டிலும் வரவாக ஏறவில்லை. உன் சாவும் செலவாக ஏறவில்லை.

நீ இல்லாத வெளியில் மாட்டுப்பிணம் அழுகிற்று, நாய்கள் பெருகின. மும்பையின் மலபார் குன்றத்து அமைதிக் கோபுரங்களில் தம்முள் இறந்தோரை உன்னிடம் ஒப்படைத்து வந்த பார்சியர், வெயிலைக் குவிக்கும் கருவிகளை நாடினர். 2000 முதல் 2005 வரை உன் மறைவால் ஏறத்தாழ 5 இலட்சம் மனிதர் கூடுதலாக இறந்தனர் எனப் பொருளியலாளர் இருவர் பின்னர் மதிப்பிட்டனர். எழுதாது விட்ட கணக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

2006இல் கால்நடைக்கு அம்மருந்து தடுக்கப்பட்டது. மனிதர்க்கென விற்ற பெருங்குப்பியோ தொழுவத்துக்கே சென்றது. 2015இல்தான் குப்பியின் அளவைச் சுருக்கினர். உனக்கு அதுபோலவே தீங்கான கீட்டோபுரோபனையும் அசிகுளோபினாக்கையும் கால்நடைக்குத் தடுக்க 2023 ஆயிற்று. உன்னைக் கொல்லாத மெலாக்சிகம் 2006இலேயே அறியப்பட்டிருந்ததே, அந்தோ!

மோயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மத்தி மரங்களில் இன்னும் சில கூடுகள் உள்ளன. முட்டையிடும் பருவம் எய்த உனக்கு ஐந்தாண்டு வேண்டும். பின்னரும் ஆண்டுக்கு ஒரே முட்டை. அச்சில கூடுகளிடம், இழந்த கோடியை எந்நாவால் கேட்பேன்?