திரும்பும் தண்ணீர்

கையில் எடுத்ததும் கூசும். எலிப்பூச்சி என்ற அந்தச் சின்ன மணல்நண்டு கடிக்காது, கடிக்கக் கொடுக்கே கிடையாது. விரலிடுக்கையும் மணலென்று எண்ணிப் பின்பக்கமாகக் குடைந்து இறங்கப் பார்க்கும். மெரினாவில் தூண்டில் போட்ட சித்தப்பாவுக்கு அதுதான் இரை. "அலை வரும்போது பாக்காதடா, திரும்பும்போது பாரு" என்பார். வடியும் தண்ணீர் சில இடங்களில் கூராகப் பிளந்து ஓடும். அங்கே தோண்டினால் கிடைக்கும்.

பிளப்பது அதன் உணர்கொம்புகள். கடலைப் பார்த்தபடி உடலைப் புதைத்துக்கொண்டு, இறகுபோன்ற இரண்டை மட்டும் வெளியே விரிக்கும். வருகிற அலை அதற்குச் சோறு போடுவதில்லை. திரும்புகிற நீர்தான் நுண்ணுயிர்களை அந்த இறகுகளில் சிக்கவைக்கிறது. குட்டையான இன்னொரு சோடி சேர்ந்து மூச்சுக்குழாயாகிறது. மயிரிழைக் காம்புகளின் நுனியில் கண்கள். ஓதம் ஏற இறங்க, அலை நுரைக்கும் அந்தப் பட்டையோடு கூடவே இடம் மாறும்.

சித்தப்பா பிறந்தது ராயபுரம். ஆயா ஓடி விளையாடிய மணல் அங்கே இப்போது இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் மறிபட்டுத் தேங்கியது. மெரினா அகன்றது, வடக்கே கரை அரிபட்டது. நாங்கள் எலிப்பூச்சி தோண்டிய மணலில் ராயபுரத்தின் பங்கும் இருந்தது என்று எனக்கு வெகுகாலம் கழித்தே உறைத்தது.

ஆரஞ்சு நிற முட்டை ஒட்டியிருந்தால் சித்தப்பா தண்ணீரிலேயே விட்டுவிடுவார். அப்படி விட்ட பெண் பூச்சிகளில் சிலவாவது முன்பு ஆணாக வாழ்ந்தவையாக இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சுப்பிரமோணியம் 1981இல் எழுதிய கட்டுரையைக் கல்லூரியில் படித்தபோது சித்தப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். எலிப்பூச்சி சுமார் 3.5 மில்லிமீட்டரிலேயே ஆணாக முதிர்ந்து, பெண்ணின் உடலில் ஒட்டி வாழ்ந்து, வளர்ந்து 19 மில்லிமீட்டரை நெருங்கும்போது பெண்ணாக மாறுகிறது. இத்தனையும் பாதம் நனைய நாம் நிற்கும் இடத்தில்.

ராயபுரத்தில் கரை காக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். வீடுகள் நின்றாக வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கல்லைக் குடைய எலிப்பூச்சிக்கு வழியில்லை. ஆறுதலான ஒன்று: அதன் குஞ்சுகள் முதல் சில வாரங்களைக் கடலில் மிதந்தே கழிப்பவை. மணல் எங்கே மறுபடி சேர்கிறதோ, அங்கே அவை வந்து இறங்கலாம்.