டெக்கில் ஏறும் பாரம்

காற்றாலைச் சாமான்களை நீள லாரிகளில் கொண்டு போவதை நாம் எல்லோரும் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம். அவை எப்படிக் கப்பல் ஏறுகின்றன என்று தெரியுமா? என் அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் வெல்டர். 1974-இல் பெரிய துறைமுகமாகி, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம் அது. அப்பாவிடம் கேட்டதை எழுதுகிறேன்.

கப்பலின் மேல்தளத்தை அப்பா 'டெக்' என்றுதான் சொல்வார். அது சதுர மீட்டருக்கு இத்தனை டன் தாங்கும் என்று ஒவ்வொரு கப்பலுக்கும் கணக்கு உண்டு. பாரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் தகடு அமுங்கிவிடும். அதனால் முதலில் இரும்பு உத்திரமும் மரக்கட்டையும் போட்டுப் பாரத்தைப் பரவ விடுவார்கள். பிறகு சங்கிலி மாட்டும் வளையங்களையும், சரக்கு நகராமல் தடுக்கும் முட்டுகளையும் டெக்கோடு சேர்த்து வெல்டிங் வைப்பார்கள். அதுதான் அப்பா வேலை.

ஆபத்து டெக்குக்குக் கீழே இருக்கிறது. அடியில் எண்ணெய்த் தொட்டி இருந்தால், மேலே வைக்கிற சூடு தகடு வழியாக இறங்கி உள்ளே இருக்கும் வாயு வெடித்துவிடும். அதனால் தொட்டியைச் சோதித்து அனுமதிச் சீட்டு கொடுத்த பிறகுதான் பத்த வைக்க வேண்டும். மேலே ஒருவர் தண்ணீர்க் குழாயோடு நிற்பார். கீழ் அறையிலும் ஒருவர் காவல் இருப்பார்.

ஒருநாள் சீட்டு வருவதற்கு முன்பே, "கப்பல் கெளம்பணும், சீக்கிரம் பத்த வை" என்று ஒரு மேஸ்திரி விரட்டினாராம். அப்பா ராடைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். அம்மாவுக்கு ரொம்பக் கோபம். அப்பா சொன்னார்: "கீழ என்ன கெடக்குன்னு தெரியாம பத்த வைக்க மாட்டேன். சம்பளம் நாளைக்கும் வரும். நான் வீட்டுக்கு வரணும்லா?" அம்மா பதில் பேசவில்லை. சோறு போட்டார்.

சங்கிலிக்கும் கணக்கு உண்டு. சரக்கு 60 டன் என்றால் இடப்பக்கச் சங்கிலிகள் சேர்ந்து 60 டன் தாங்க வேண்டும். வலப்பக்கச் சங்கிலிகளும் தனியாக 60 டன் தாங்க வேண்டும். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிக்கணுமே!

பாரம் மேலே கூடினால் கப்பல், உயர வைக்கோல் ஏற்றிய வண்டி மாதிரி ஆகிவிடும். அதற்காக அடித் தொட்டிகளில் கடல்நீர் நிரப்புவார்கள். கப்பலின் கிரேன் சரக்கைத் தூக்கித் திரும்பும்போது கப்பல் சாயும். அப்போது ஒரு பக்கத்துத் தண்ணீரை மறுபக்கத்துக்கு மாற்றிச் சமப்படுத்துவார்கள்.

தூக்கி வைக்கிற நேரத்தை விட இந்த ஏற்பாட்டுக்குத்தான் பொறுமை வேண்டும். அவசரப்படுத்துபவர் கரையில் நிற்பார். கடலுக்குப் போகிறவர்களும், டெக்கில் வேலை செய்கிற என் அப்பா போன்றவர்களும்தான் அதன் பலனை அனுபவிப்பார்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி