டிஸ்கஸ் முட்டையும் ஒரு திருகும்

பேரன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகும்போது என் பொறுப்பில் விட்டுப் போனது இரண்டு மீன்கள். டிஸ்கஸ் என்று பெயர். அமேசான் ஆற்று மீன். தட்டு மாதிரி வட்டமாக, சப்பையாக இருக்கும். "தாத்தா, இது ரெண்டும் ஜோடி சேந்துட்டு. முட்டை போடும், பாத்துக்கோங்க" என்றான். அவன் போனது ஆனியில். ஆவணிக்குள் நான்கு தடவை முட்டை போட்டது. நான்கு தடவையும் இரண்டாம் நாளே முட்டைகள் பூஞ்சை பிடித்து வெள்ளையாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "குஞ்சு வந்துட்டா தாத்தா?" ஆண் மீன்தான் மலடு என்று நான் மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். பாவம், வீண் பழி.

மீன் கடைத் தம்பிதான் தண்ணீரைப் பார்க்கச் சொன்னார். உப்புக் கூடின தண்ணீரில் பெரிய மீன் சமாளித்துக்கொள்ளும். முட்டை பொரிப்பதுதான் சிரமமாம். குறுக்குத்துறையில் குளித்து, அந்த ஆற்றுத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவன் நான். அதில் பருப்பு போட்டால் பூவாக வெந்துவிடும். இன்று பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் வைத்தால் 1100 காட்டுகிறது. ஆற்றில் மொண்டு வந்து ஊற்றலாம் என்றால், ஊர்ச் சாக்கடை கலக்கிற இந்தக் காலத்தில் அமேசான் மீன் என்ன, அயிரை மீனுக்கே யோசிக்க வேண்டும். ஆக, அடுப்படியில் இருக்கும் ஆர்.ஓ. மிஷின்தான் கதி.

அதன் தண்ணீரை அளந்தேன். 180. பேரன் நோட்டைப் புரட்டினால் தை மாதக் கணக்கில் 45 என்று எழுதி வைத்திருக்கிறான். எங்கேயோ கோளாறு.

சர்வீஸ் தம்பி வந்து பார்த்தார். "அண்ணாச்சி, மெம்பரேன் போயிட்டு" என்றார். மாற்றினோம், இரண்டாயிரத்துச் சொச்சம். மறுநாள் அளந்தால் அதே 180. மெம்பரேன் உட்காரும் இடத்தில் ரப்பர் வளையம் புரண்டிருந்தாலும் உப்புத் தண்ணீர் ஓரமாக நழுவிவிடும் என்று கேள்விப்பட்டு அதையும் கழற்றி மாட்டினேன். மொட்டைமாடித் தொட்டி 30 அடி உயரத்தில் இருந்தாலும் அந்த அழுத்தம் மெம்பரேனுக்குப் போதாது. உள்ளே ஒரு பம்ப் இருக்கிறது. அதுவும் நன்றாகத்தான் ஓடியது. ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்துக் காலையில் போட்டால் முதலில் வரும் தண்ணீர் எப்போதுமே கூடுதலாகக் காட்டும் என்பதால், பத்து நிமிடம் ஓடவிட்டும் அளந்தேன். 180.

முப்பத்து நான்கு வருஷம் தொலைபேசித் துறையில் லைன் பார்த்தவன். ஒரு போன் வேலை செய்யவில்லை என்றால் முதலில் போனை மாற்ற மாட்டோம். லைனை நடுவில் பிரித்து, கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்போம். அந்தப் புத்தி இரண்டாயிரம் ரூபாய் செலவழித்த பிறகுதான் வந்தது! மெம்பரேனிலிருந்து வெளியே வரும் வெள்ளைக் குழாயைக் கழற்றி ஒரு தம்ளரில் பிடித்தேன். 42. அதே தண்ணீர் அங்கிருந்து பைப்புக்கு வருவதற்குள் 180 ஆகிறது.

இடையில் இருந்தது கட்டைவிரல் அளவுக்கு ஒரு வால்வு, அதில் ஒரு திருகு. மெம்பரேனுக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் ருசிக்காகக் கலந்துவிடும் ஏற்பாடு. காகிதத்தில் கணக்குப் போட்டேன். எட்டில் ஒரு பங்கு போர் தண்ணீர் சேர்ந்தால் 174 வருகிறது. சரியாகத்தான் இருக்கிறது. பழைய மெம்பரேனும் நல்லாத்தான் இருந்திருக்கும்.

"இதை யாரு திறந்தா?" என்று சத்தம் போட்டேன். அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "நாந்தான் மாசி மாசம் அந்தத் தம்பிகிட்ட சொன்னேன். தண்ணி சப்புன்னு கெடந்துது, காப்பி எறங்கல. மீனுக்குப் பாத்தா மனுசன் குடிக்காண்டாமா?"

அவள் சொன்னதிலும் தப்பில்லை. குடிநீருக்கு 500 வரை ஏற்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே சொல்கிறது. திருகை நான் தொடவில்லை. வால்வுக்கு முன்னால் ஒரு டி போட்டு, மீனுக்கென்று தனிக் குழாய் இழுத்தேன். எழுபது ரூபாய். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் வீணாக வெளியேறுகிறதே, அதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது. பாத்திரம் கழுவ, தரை துடைக்கப் பிடித்து வைக்கிறோம். செடிக்கு ஊற்றுவதில்லை, மண் உப்பேறிவிடும்.

தொட்டித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றாமல், தினம் ஒரு வாளி வீதம் இரண்டு வாரம் மாற்றினேன். புரட்டாசியில் ஐந்தாவது தடவை முட்டை. மூன்றாம் நாள் காலை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், வால் மட்டும் துடிக்கிறது. அடுத்த சில நாட்களில் அவை நீந்திப் போய்த் தாய் தகப்பன் உடம்பில் ஒட்டிக்கொண்டன. டிஸ்கஸ் மேல்தோலில் ஊறும் கோழைதான் குஞ்சுகளுக்கு முதல் ஆகாரம். அப்பா களைத்தால் உடம்பை ஒரு வெட்டு வெட்டி அம்மா பக்கம் தள்ளிவிடும். நானும் அவளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். எண்ணியவரை இருபத்து மூன்று.

வீடியோ பார்த்துவிட்டுப் பேரன் கேட்டான், "என்ன கோளாறு தாத்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஒரு திருகு லூசா இருந்துது டே" என்றேன்.