நானூறு கிராம்

ஊசி போடவோ கட்டுப் போடவோ அல்ல, எடை பார்க்கத்தான் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தார்கள். புரசைவாக்கத்தில் ஒரு சிறிய பிராணிகள் கிளினிக்கில் உதவியாளனாக வேலை பழகுகிறேன். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் வேப்பேரியில்தான் இருக்கிறது. பெரிய பரிசோதனை என்றால் அங்கே அனுப்பிவிடுவோம். எங்களிடம் அதிகம் வருவது பூனைகள். கூடையில் பூனையைத் தூக்கிவரும் வயதானவர்கள் எங்கள் கிளினிக்கையும் ‘மாட்டாஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறார்கள்.

கைக்குழந்தைகளை எடை பார்க்கும் எலெக்ட்ரானிக் தராசுதான் எங்களுடையதும். அதன்மேல் துண்டு விரித்த கூடையை வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகுதான் பூனையை உள்ளே விட வேண்டும். பூனை அசைந்தால் எண் தாவிக்கொண்டே இருக்கும். அரசு மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த அண்ணன் ஒருவர் இங்கே இருக்கிறார். பிடரியைப் பிடித்து அழுத்தக் கூடாது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். துண்டின் ஒரு முனையை மடித்துப் பூனையின் கண்ணை மறைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார். இருட்டானதும் பூனை பதுங்கிவிடும், எண் நிற்கும். அந்த எண்ணைக் கிராம்வரை எழுதச் சொல்வார். “மூணரை கிலோன்னு எழுதாத தம்பி. மூணு கிலோ நானூத்து எழுபதுன்னா அதையே எழுது.”

நாலு கிலோ பூனையில் நானூறு கிராம் குறைந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இழப்பதற்கு அது சமம். ஆறு கிலோ இழந்தவரை வீட்டில் எல்லோரும் கவனித்துவிடுவார்கள். நானூறு கிராம் பூனையின் ரோமத்துக்குள் மறைந்துவிடும். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், காரணம் தெரியும்வரை அந்தப் பூனையை விடக் கூடாது என்பது எங்கள் டாக்டர் மேடத்தின் கண்டிப்பு.

வருகிறவர்கள் எல்லோரும் “திடீர்னு மெலிஞ்சிடுச்சு மேடம்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். கண்ணில் கலக்கம் இருக்கும். இரண்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். பழைய சீட்டில் தடுப்பூசி போட்ட அன்றைய எடை இருக்கும், அதையும் இன்றைய எடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இழப்பு மாதக்கணக்கில் நடந்திருப்பது தெரியும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெலிவு தெரிவதில்லை. பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்த மாமாதான் “என்னம்மா, பூனை இப்படி ஆயிடுச்சு?” என்று கேட்பார். பூனையும் உதவாது. வேட்டையாடும் பிராணி என்றாலும், தன்னைவிடப் பெரியவற்றுக்கு இரையாகக்கூடியது அது. அதனால் உடம்பு முடியாததை வெளியே காட்டாமல் ஒதுங்கிக்கொள்ளும். இதை அறிந்த பிறகு, கவனிக்கவில்லையே என்று அழுகிறவர்கள் மேல் எனக்குத் துளியும் கோபம் வருவதில்லை. அவர்கள் கூட்டிவந்துவிட்டார்கள், அது பெரிய விஷயம்.

தராசுக்குப் பிறகு கை. இதைப் பழகத்தான் அதிக காலம் பிடித்தது. விலா எலும்பு, முதுகெலும்பு, இடுப்பெலும்பு, தோள்பட்டை என்று வரிசையாகத் தொட வேண்டும். மேடம் என் கையையே அளவுகோலாக்கிக் கொடுத்தார். கையை விரித்துப் புறங்கையைத் தடவிப் பார்த்தால் எலும்பு லேசாகத் தெரியும். விலா அப்படி இருந்தால் சரியான உடம்பு. முஷ்டியை மடக்கி முட்டிகளைத் தடவினால் எப்படித் தெரிகிறதோ அப்படி இருந்தால் பூனை மெலிந்துவிட்டது. பாரசீகப் பூனைகளில் இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. பஞ்சு மூட்டைபோலத் தெரிவதன் அடியில் வெறும் எலும்பு இருந்ததை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

கொழுப்பு வேறு, தசை வேறு என்று பிரித்தறிவது அடுத்த படி. அடிவயிற்றில் தொங்கும் மடிப்பைப் பார்த்துவிட்டு “குண்டாத்தானே இருக்கு” என்பார்கள். அந்த மடிப்பு பல பூனைகளுக்கு இயல்பாகவே உண்டு. வயிற்றை விட்டுவிட்டு, முதுகெலும்பின் இரு பக்கமும் உள்ள தசையைத் தொட வேண்டும். அது கரைந்து பள்ளமாகியிருந்தால், வயிற்றில் கொழுப்பு இருந்தாலும் பூனை இழந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கிடையில் மேடம் கேள்விகள் கேட்டுக்கொண்டே இருப்பார். “சாப்பிடுதா?” என்று மட்டும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்ததும் என்ன செய்கிறது என்றுதான் கேட்பார். ஓடி வந்து முழுவதும் தின்றும் மெலிகிறதா? ஓடி வந்து, வாயை வைத்துவிட்டுப் பின்வாங்குகிறதா? எழுந்தே வரவில்லையா? இந்த மூன்றும் மூன்று வேறு திசைகளில் கொண்டுபோகும். கேள்விகளுக்கு நடுவே மேடம் என் பக்கம் திரும்பிப் பார்க்கும்போது, எந்தத் திசை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்ல வேண்டும்.

தின்றும் மெலியும் பூனைகளில் என்னால் மறக்க முடியாதது ஒரு கிழட்டுக் கடுவன். பதிமூன்று வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வளர்த்தது. இரண்டு பங்கு மீன் தின்கிறது, ராத்திரி முழுக்கக் கத்துகிறது, வயசான காலத்தில் குட்டிபோல ஓடுகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். மேடம் பூனையின் முகவாயை உயர்த்தி, மூச்சுக்குழலின் இருபுறமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துத் தொண்டையிலிருந்து மார்புவரை மெதுவாக இறக்கினார். பிறகு என் விரல்களை வைக்கச் சொன்னார். ஒரு சிறு உருண்டை விரலுக்கடியில் நழுவிப் போனது. ஆரோக்கியமான பூனையில் தைராய்டு சுரப்பி கைக்குத் தட்டுப்படாது. டி4 என்ற இரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது. பூனைகளுக்கு இப்படித் தைராய்டு மிகையாகச் சுரப்பதை மருத்துவ உலகம் 1979-க்குப் பிறகுதான் அறியத் தொடங்கியது. பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டியவற்றுக்கு வரும். மனிதர்களுக்குக் கொடுக்கும் கார்பிமசோல் மாத்திரையைத்தான் பூனைக்கேற்ற அளவில் கொடுத்தோம். சில வாரத்தில் சிறுநீரகப் பரிசோதனைக்கும் வரச் சொன்னார் மேடம். தைராய்டு மிகையாக ஓடும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் வேகமாகப் பாய்வதால் அங்கிருக்கும் கோளாறு மறைந்திருக்கும். தைராய்டை அடக்கியதும் அது வெளிவரலாம்.

தின்றும் மெலிவதில் சர்க்கரை நோயும் உண்டு. அதை எறும்புதான் முதலில் கண்டுபிடிக்கும். மணல் தொட்டியில் எறும்பு மொய்ப்பதைச் சில வீடுகளில் சுத்தக்குறைவு என்று நினைத்துக் கழுவிவிடுகிறார்கள். தண்ணீர் அதிகம் குடிப்பதைச் சென்னை வெயிலின் மேல் போட்டுவிடுகிறார்கள். ஒரு கிலோ எடைக்கு நூறு மில்லிக்கு மேல் ஒரு நாளில் குடித்தால் அது வெயில் அல்ல. நோய் முற்றிய பூனை பின்னங்கால் நுனியில் நிற்காமல் குதிகாலை ஊன்றி நடக்கும். அப்படி ஒரு பூனை மேசையில் நடந்ததைப் பார்த்ததும் அண்ணன் என்னைத் தட்டிக் காட்டினார். பயத்திலேயே பூனையின் இரத்தச் சர்க்கரை ஏறிவிடும் என்பதால் ஒரே அளவை நம்ப முடியாது. கடந்த இரண்டு வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையும் பார்ப்போம். இன்சுலின் போட்டு, உணவை மாற்றினால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலைகூட வருகிறது.

வாயை வைத்துவிட்டுப் பின்வாங்கும் பூனை பசியோடு இருக்கிறது, வலியோடும் இருக்கிறது. கிண்ணத்தைப் பார்த்துச் சீறும், எச்சில் ஒழுகும், தலையைச் சாய்த்து ஒரு பக்கமாக மெல்லும். வாயைத் திறந்தால் ஈறு முழுக்கச் செக்கச்செவேலென்று புண்ணாக இருக்கும். பல்லையெல்லாம் எடுக்க வேண்டும் என்றால் வீட்டுக்காரர்கள் கலங்கிப்போகிறார்கள். பல்லில்லாத பூனை நன்றாகவே சாப்பிடும். பல் எடுத்த பிறகு எடை கூடிக்கொண்டே வந்த சீட்டுகளை எடுத்துக் காட்டித்தான் அவர்களைத் தேற்றுகிறேன்.

குட்டிகளில் வயிறு உப்பி முதுகு தேய்ந்திருந்தால் முதலில் குடற்புழுவைச் சந்தேகிப்போம். ஆசனவாயில் அரிசிபோல ஒட்டியிருப்பது நாடாப்புழுவின் துண்டு, அது தெள்ளுப்பூச்சி மூலம் வருவது. வயிறு உப்பிய அதே தோற்றத்தில் இளம் பூனைகளுக்கு எஃப்.ஐ.பி. என்ற நோயும் வரும். அநேகமாக எல்லாப் பூனைகளையும் கொன்றுவந்த நோய் அது, இப்போது ஜி.எஸ்-441524 என்ற மருந்தால் பல பூனைகள் பிழைக்கின்றன.

எழுந்தே வராத பூனைதான் என்னை அதிகம் பதறவைப்பது. அதிலும் அது குண்டுப் பூனையாக இருந்தால்.

வீடு மாறிப் போன ஒரு குடும்பம். பூனை கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது, நாலைந்து நாளாக எதையும் தொடவில்லை. ஆறு கிலோவுக்கு மேல் இருந்ததால் கொஞ்சம் இளைத்தால் நல்லதுதான் என்று நினைத்திருக்கிறார்கள். மனிதர் விரதம் இருக்கலாம், நாய்கூட இரண்டு நாள் தாங்கும். பூனையால் முடியாது. பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கிளம்பி ஈரலுக்கு வரும்; பூனையின் ஈரலால் அந்த வேகத்துக்கு அதைக் கையாள முடியாது; கொழுப்பு அங்கேயே தேங்கி ஈரல் செயலிழக்கும். செயலிழந்த ஈரல் பசியை இன்னும் அடக்கும். அந்தப் பூனையின் காதைத் திருப்பிப் பார்த்தபோது உட்பக்கம் மஞ்சளாக இருந்தது.

மயக்கம் கொடுத்து, கழுத்தின் பக்கவாட்டில் உணவுக்குழாய்க்குள் ஒரு ட்யூப் வைத்தார் மேடம். அதன் வழியாக ஊட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. உணவைத் தண்ணீர் விட்டு மையாக அரைத்து வடிகட்ட வேண்டும். வெதுவெதுப்பாக, உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். முதல் நாளே வயிறு நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். தேவையில் கால் பங்கில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டினோம். சிரிஞ்சை மிக மெதுவாக அழுத்திக்கொண்டே பூனையின் முகத்தைப் பார்க்க வேண்டும். உதட்டை நக்கினாலோ எச்சில் விழுங்கினாலோ நிறுத்திவிட வேண்டும், அது குமட்டல். முன்னும் பின்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு ட்யூபைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். பிறகு அந்த வீட்டு அம்மாவுக்கு இதையெல்லாம் நான் கற்றுக்கொடுத்தேன். “எனக்குக் கை நடுங்குது தம்பி” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு முதல் சிரிஞ்சை இருவரும் சேர்ந்து அழுத்தினோம். பல வாரம் அவர் வேளை தவறாமல் ஊட்டினார். தினமும் பக்கத்தில் ஒரு தட்டில் மத்தி மீனை வேகவைத்து முள் எடுத்து வைத்திருந்தார். ஒருநாள் பூனை அதைத் தானாகவே தின்றதைப் போனில் படமெடுத்து அனுப்பினார். இதே நோயில் நாங்கள் இழந்த பூனைகளும் உண்டு. தாமதமாக வந்தவையே அவற்றில் அதிகம். ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னாவிட்டால் போன் செய்யுங்கள், இரண்டாவது நாளைத் தாண்டவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிச் சொல்கிறேன்.

தின்னவில்லையே என்று வாயில் வலுக்கட்டாயமாகச் சிரிஞ்சில் பாலை ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போகும், பூனைக்குச் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பும் வரும். சோர்வாக இருக்கிறதே, காய்ச்சலோ என்று பாரசிட்டமால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அதை முறிக்கும் வழி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. தயிர்சாதம் மட்டுமே தின்று வளரும் பூனைகளும் எங்கள் பகுதியில் நிறைய. டாரின் என்ற சத்து பூனைக்கு இறைச்சி, மீனிலிருந்து கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் பார்வை போகும், இதயத்தசை நலியும் என்பது 1980-களிலேயே தெளிவாகிவிட்டது.

வீட்டிலேயே மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழிக்கும் முறையில், நாம் நிற்கும் தராசு நூறு இருநூறு கிராமை விழுங்கிவிடும். பத்து கிலோ வரை காட்டும் சமையலறைத் தராசில் கூடையை வைத்துப் பார்ப்பது மேல். காலை உணவுக்கு முன், ஒரே தராசில், காலண்டரிலேயே எழுதிவிடலாம். கிளினிக்குக்கு வரும்போது அந்தக் காலண்டரையும், பூனை சாப்பிடுவதைப் போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுவந்தால் மேடத்துக்குப் பாதி வேலை குறையும்.

இப்போது மேடம் எனக்குச் சிறுநீரகத்தைத் தொட்டறியப் பழக்குகிறார். இடது பக்கத்துச் சிறுநீரகம் கொஞ்சம் தளர்வாக இருப்பதால் அதுதான் முதலில் கைக்கு அகப்படும். நாள்பட்ட நோயில் அது சுருங்கி, மேடுபள்ளமாக இருக்கும். மெலிந்து வரும் கிழட்டுப் பூனைகளில் மிக அதிகம் பார்ப்பது இந்த நோயைத்தான். சிறுநீரகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு பழுதான பிறகே இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும். அதற்கு முன்பே சிறுநீர் நீர்த்துப்போய்விடும். அதனால் வயதான பூனைக்கு நேரம் கேட்டுப் போன் செய்பவர்களிடம் காலைச் சிறுநீரைக் கொண்டுவரச் சொல்வது என் வேலையாகிவிட்டது. தொட்டியிலுள்ள மணலைக் கொட்டிவிட்டு, மீன்தொட்டிக் கூழாங்கல்லை நன்றாகக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். பூனை போனதும் ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, சுத்தமான சிறு பாட்டிலில் அடைத்து, பூனையோடு அன்று காலையே எடுத்துவந்துவிடுங்கள்.